நாகர்கோவில் பக்கம் 6 சென்டில் வீடு கட்டப் போகிறோம். சூழலுக்கு உகந்த, சமூகப் பொறுப்புள்ள வீடு நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகுமா? சுவர் எதில் கட்டலாம், கூரை எதில் போடலாம்?

கட்டுப்படியாகும். ஆனால் சுவர் எதில் கட்டலாம், கூரை எதில் போடலாம் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். மனை வயலா மேடா என்று சொல்லவில்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் பொறியாளர் இல்லை. 2018-ல் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் உங்களைப் போலவே 6 சென்டில் வீடு கட்டி, அதிலேயே குடியிருப்பவன். அவ்வளவுதான் தகுதி.

திருவனந்தபுரம் தம்பானூரில் வண்டிக்குக் காத்திருந்த நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் அநேகமாக எல்லோரும் அங்கே சுருள் சுருளாக மேலேறும் இந்தியன் காபி ஹவுஸில் ஒரு காபியாவது குடித்திருப்பார்கள். அதைக் கட்டியவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே இறந்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி தன்னிடம் சொன்னதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்த மனிதர். அவரைப் போல வீடு கட்டும் ஆசை எனக்கு அந்தக் காபிக் கடையில் பிடித்ததுதான்.

அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' (rat-trap bond) முறையில்தான் என் சுவர்கள் நிற்கின்றன. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, இரண்டு வரிசைக்கு நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் கிட்டத்தட்ட கால்வாசிச் செங்கல் மிச்சம். உள்ளே நிற்கும் காற்று வெயிலைத் தடுக்கும். எங்கள் கொத்தனார் கேட்ட முதல் கேள்வி, "எலி குடிவந்திராதா தம்பி?" என்பதுதான். வராது. அஸ்திவாரத்துக்கு மேலும், ஜன்னல் விளிம்பிலும், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் உத்திரம்) மட்டத்திலும், மூலைகளிலும் திடமாகக் கட்டி அடைத்துவிடுவார்கள். அவர் முதல் நாள் கட்டியதை இரண்டாம் நாள் தானே பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார். தோவாளை தாலுகா சூளைச் செங்கல்தான் வாங்கினோம்; ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகவில்லை. இந்தக் கட்டுக்கு அளவு பிசகினால் வரிசை ஏறாது. நானும் என் மச்சினனும் உட்கார்ந்து கல் பொறுக்கினோம். வயரிங் குழாய் எங்கே போகும் என்பதைச் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பிறகு கொத்தினால் உள்ளே பொத்தல்தான்.

மிச்சம் பிடித்த காசில் பாதி கூலிக்குப் போனது உண்மை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சிமெண்ட் மூட்டைக்குப் போகவேண்டிய பணம், பக்கத்து ஊர்க் கொத்தனார் வீட்டுக்குப் போனது.

பேக்கரைப் பார்த்துக் காப்பியடித்து நான் சறுக்கிய இடமும் உண்டு. சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட்டேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. மூன்றாம் வருஷம் ஆனி, ஆடிச் சாரலில் மேற்குச் சுவரின் உள்பக்கம் ஈரம் பூத்தது. என் வீட்டு ஜன்னல் மறைப்பு ஒன்றரை அடிதான், சாரலுக்கு அது எந்த மூலைக்கு? கடைசியில் மேற்குப் பக்கம் மட்டும் பூசினேன். அழகு போச்சு, ஈரமும் போச்சு. பள்ளிச் சுற்றுலாவில் நாம் எல்லோரும் போன பத்மநாபபுரம் அரண்மனையில் தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்த தரையைத்தான் வாய்பிளந்து பார்த்தோம். பார்க்கவேண்டியது அதன் சரிந்த ஓட்டுக் கூரையும், சுவரைத் தாண்டி வெகுதூரம் தாழ்ந்து இறங்கும் அதன் இறவாரமும். அந்த மரவேலை நமக்குக் கட்டுப்படியாகாது, இறவாரம் கட்டுப்படியாகும்.

கூரைக்கு ஃபில்லர் ஸ்லாப் போட்டேன். தளத்தின் கீழ்ப்பாதியில் இருக்கும் கான்கிரீட் இழுவையைத் தாங்காது, அதைக் கம்பிதான் தாங்குகிறது. அதனால் கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்து அந்த அளவு கான்கிரீட்டைக் குறைக்கிறார்கள். கம்பிக் கணக்கை மட்டும் பொறியாளரிடம் போட்டு வாங்குங்கள், கொத்தனார் கைக்கணக்கு வேண்டாம். நம் ஊரில் வெயில் சுவரைவிடக் கூரையைத்தான் அடிக்கிறது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். சித்திரை பிறப்பை ஒட்டித் தொடங்கி ஆவணி பாதி வரைக்கும் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். "வடக்கு ஜன்னலில் வெயில் படாது" என்று எங்கேயோ படித்துவிட்டு யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

சமூகப் பொறுப்பு என்றும் ஒரு வார்த்தை போட்டிருந்தீர்கள். அதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் கடற்கரையில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய குடியிருப்பு ஒன்றில் என் நண்பன் வீடு. நல்ல எண்ணத்தில்தான் கட்டினார்கள். ஆனால் எல்லாம் ஒரே அச்சு, வீட்டுக்கு வீடு ஒட்டி. வலை விரிக்க இடமில்லை, மீன் காயப்போட முற்றமில்லை, வாசலில் நின்றால் கடல் தெரியாது. கடலின் முகத்தைப் பார்த்துத் தொழிலுக்குப் போகிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துத் தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழுகிறது. அவன் அம்மா மழைக்காலத்தில் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்வார். கட்டும் முன்பு அவரிடம் யாராவது பத்து நிமிடம் பேசியிருக்கலாம்.

சரி, மனை விஷயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், தள்ளித் தள்ளி வந்துவிட்டேன்.

என் 6 சென்ட் நஞ்சை, அதாவது நெல் வயல். மேட்டு மனையைவிட விலை குறைவு, அதனால் வாங்கினேன். 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த நெருக்கம் இங்கேதான். இடம் கிடைக்காமல் எல்லோரும் வயலில் இறங்குகிறோம். மூன்றடி உயர்த்தச் சுமார் 40 டிப்பர் மண் அடித்தேன். அந்த மண் எந்தக் குன்றைக் கரைத்து வந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எலிப்பொறிச் சுவரில் மிச்சம் பிடித்த செங்கல் கணக்கெல்லாம் எனக்கே சிரிப்பாக இருந்திருக்கும்.

வயல் என்பது தண்ணீர் நடந்துபோகும் வழி. மடையிலிருந்து மடைக்கு இறங்கி, வாய்க்காலில் சேர்ந்து, பழையாற்றுக்குப் போகும். நடுவே நான் ஒரு மேடு போட்டுச் சுற்றுச்சுவரும் எழுப்பினேன். 2021 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். என் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பின்பக்கம் ஆச்சியின் பழைய ஓட்டு வீட்டில் முழங்கால் அளவு நின்றது. அந்த வீட்டில் அதுவரை தண்ணீர் ஏறியதே இல்லையாம். ஆச்சி சண்டை போடவில்லை. "நீ ஒசத்திக் கெட்டியாச்சு மக்களே. வெள்ளம் எங்க போவும்?" என்று கேட்டார். நாங்கள் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். அன்றைக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தியது.

அதனால் முன்பணம் கொடுக்கும் முன் ஐப்பசியில், நல்ல மழை நாளில், குடை பிடித்துப் போய் மனையில் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் வயதானவர்களிடம் பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள். நஞ்சையைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மனை முழுவதும் மண் அடிக்காமல், வீடு நிற்கும் இடத்தை மட்டும் உயர்த்துங்கள். மீதியைத் தாழ்வாகவே விடுங்கள், தரைக்கல் பாவாதீர்கள். மழைநீர் சேகரிப்பு அமைப்பு தமிழ்நாட்டில் 2003-லிருந்தே கட்டாயம்தான். அதற்கான குழியை அனுமதிக்காக மட்டும் வெட்டிவிட்டு மூடிவிடாமல் இருந்தால் போதும்.

நான் செய்தது பரிகாரம்தான். கிழக்கு ஓரத்தில் நான்கடி அகலத்துக்கு அடித்த மண்ணை வெட்டி எடுத்துப் பழைய வாய்க்காலோடு இணைத்தேன். சுற்றுச்சுவரின் அடியில் மூன்று இடத்தில் உடைத்துக் கம்பி வலை போட்டேன். பக்கத்து மனைக்காரர் "காசு கொடுத்து அடிச்ச மண்ண காசு கொடுத்து அள்ளுதீரே" என்று சிரித்தார். 2023 டிசம்பரில் மறுபடி கனமழை. ஆச்சி வீட்டுப் படி நனைந்தது, உள்ளே ஏறவில்லை. என் வீட்டில் கார் நிற்கும் இடத்தில் இரண்டு நாள் கணுக்கால் அளவு நின்று, மூன்றாம் நாள் வாய்க்கால் வழியாக வடிந்தது.