அப்பாவுக்கு சிரோசிஸ், கார்டிசாலும் குறைவு: மேலூர் தம்பிக்கு

தம்பி, அப்பாவுக்கு பிரஷர் 90-ஐத் தாண்டவில்லை, சோடியம் குறைவு, இப்போது கார்டிசாலும் (பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிற ஹார்மோன்) குறைவு என்கிறீர்கள். சிரோசிஸ் என்கிற ஈரல் நோய்க்கு எதற்குக் கிட்னி மேலே இருக்கிற சுரப்பியைப் பார்க்கிறார்கள் என்று கேட்டது நியாயம்தான்.

அந்தச் சுரப்பிக்குப் பெயர் அட்ரினல்; அது கார்டிசாலைக் கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்கிறது. கொலஸ்ட்ராலைப் பெரும்பாலும் செய்வது ஈரல்; அது முற்றிக் கெட்டால் அந்தச் சரக்கு வரத்து குறைகிறது, கார்டிசாலும் குறையலாம்.

ஆனால் ஒரே ரிப்போர்ட்டை வைத்துப் பதறாதீர்கள். கார்டிசாலில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டித்தான் ரத்தத்தில் ஓடுகிறது; அந்தப் புரதங்களைச் செய்வதும் ஈரல்தான். அப்படி ஒரு புரதமான அல்புமின் குறைந்தவருக்கு கார்டிசாலின் மொத்த அளவு நிஜத்தைவிட மோசமாகத் தெரியலாம். ரத்தம் எடுத்தது காலை 8 மணிவாக்கிலா, மதியமா என்று சீட்டைப் பாருங்கள். மதியம் இயல்பாகவே இறங்கும். சந்தேகமென்றால் சுரப்பியைத் தூண்டிப் பார்க்கிற சினாக்தென் ஊசியை 250 மைக்ரோகிராம் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

அப்புறம், மூட்டு வலிக்குப் பெயரில்லாத பொடி ஏதாவது சாப்பிட்டாரா? அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் சுரப்பி முடங்கும். டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அந்தப் பொடியை நீங்களாகச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கித் தரவே வேண்டாம், கிருமித் தொற்று ஏறிவிடும்.

காய்ச்சல், பிதற்றல், கருப்பாக மலம் போனால் ஓபி நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.