புறநகருக்கு பஸ்ஸா, லைட் ரயிலா? கேள்வி பதில்

கேள்வி: எங்கள் புறநகர்ச் சாலைக்கு பி.ஆர்.டி. (பஸ்ஸுக்கென்று தனிப்பாதை) நல்லதா, லைட் ரயிலா (மெட்ரோவைவிடச் சிறிய நகர ரயில்)?

பதில்: பீக் அவரில் ஒரு திசையில் எத்தனை பேர் போகிறார்கள்? அது தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

கனடாவின் ஒட்டாவா ஒரே தடத்தில் இரண்டையும் பார்த்த ஊர். 1983-இல் பஸ்ஸுக்கென்றே தனிச்சாலை திறந்தார்கள். புறநகரில் வீட்டுப் பக்கம் ஏறினால், வண்டி மாறாமல் நகர மையத்தில் இறங்கலாம். சிக்கல் மையத்தில்தான். ஆல்பர்ட், ஸ்லேட்டர் தெருக்களில் பஸ்கள் சாதாரண சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும். மணிக்கு ஒரு திசையில் சுமார் 10,000 பேர் என்று ஆனதும், முன்னால் நிற்கும் பஸ் கதவை மூடும்வரை பின்னால் ஒரு வரிசையே நின்றது. 2019-இல் 12.5 கி.மீ. லைட் ரயில் வந்தது, மையத்தில் 2.5 கி.மீ. சுரங்கத்தோடு. நெரிசலைத் தீர்த்ததில் தண்டவாளத்தைவிடச் சுரங்கத்துக்கே பங்கு அதிகம் என்பேன். புறநகர்க்காரர்கள் பலர் இப்போது வழியில் வண்டி மாறுகிறார்கள். அந்த எரிச்சல் நியாயமானது.

கேள்வி: ரயில் என்றாலே வேகம்தானே?

பதில்: தனிப்பாதை இருந்தால். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே சிக்னலில்தான் நிற்கும்.

கேள்வி: டெல்லியில் பி.ஆர்.டி. தோற்றுப்போனதே?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை வெறும் 5.8 கி.மீ. 2008-இல் திறந்து, 2016-இல் இடித்தார்கள். சாலை நடுவே பாதை, ஆனால் எந்த பஸ்ஸும் உள்ளே வரலாம். பழுதான ஒரு வண்டி போதும், பாதையே அடைபடும். 2009-இல் தொடங்கிய ஜன்மார்க் என்ற அகமதாபாத் பி.ஆர்.டி.யில் அதற்கென்றே பஸ்கள், பஸ் தளத்தின் உயரத்துக்கே நிலையம். ஏற படி கிடையாது, டிக்கெட்டும் ஏறும் முன்பே.

கேள்வி: டெல்லியில் காரில் போனவர்கள் பட்ட பாடு? அவர்களும் வரி கட்டுகிறவர்கள்தானே?

பதில்: இந்த வாதம் உயர் நீதிமன்றம் வரை போனது. பாதையை எதிர்த்த மனுவை 2012-இல் தள்ளுபடி செய்தார்கள். சாலை வண்டிகளுக்கா, ஆட்களுக்கா? காரில் ஒருவர், பஸ்ஸில் அறுபது பேர். ஆளை எண்ணினால் பஸ் பாதை காலியாக இருக்காது.

கேள்வி: அறுபது பேர் எங்கே? நான் பார்த்தபோதெல்லாம் பாதை காலி!

பதில்: சரி, அரை நிமிடத்துக்கு ஒரு பஸ் வந்தாலும் இரண்டு பஸ்ஸுக்கு நடுவே பாதை காலியாகத்தான் தெரியும். பாதை நெருக்கியடித்து நின்றால்தான் கவலைப்பட வேண்டும். போதும், அடுத்தவர் கேட்கட்டும்.

கேள்வி: மோனோ ரயில்?

பதில்: வேண்டாம்.

கேள்வி: முதலில் பஸ், கூட்டம் கூடியதும் அதே பாதையில் ரயில். சரிவருமா?

பதில்: வரும். ஆனால் வேலை முடியும்வரை பஸ்ஸை எங்கே ஓட்டுவீர்கள்? ஒட்டாவாவில் பல வருடம் பொதுச் சாலைக்குத்தான் திருப்பிவிட்டார்கள். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: ரயில்தானே வேகம்?

பதில்: மேலே பார்க்கவும். தனிப்பாதை, தனிப்பாதை!

கேள்வி: ரயில் வந்தபின் பஸ் டிப்போ இடத்தை விற்கலாமா?

பதில்: கூடாது. ஒட்டாவா ரயில் 2021-இல் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தடம் புரண்டது. இரண்டாவது முறை சேவை வாரக்கணக்கில் நின்றது. ஆட்களை ஏற்றிப் போனது பஸ்தான்.