குவிமாடம் மேலே கிளம்பிவிடும்

கேள்வி: செவ்வாயில் 1,000 பேர் குடியேற ஒரே பெரிய கண்ணாடிக் குவிமாடத்தை எங்கள் உயர்தர மாணவர்கள் கண்காட்சிக்கு வடிவமைத்தார்கள். அங்குள்ள புயலில் நொறுங்கிவிடும் என்று நடுவர் ஒருவர் புள்ளியைக் குறைத்துவிட்டார். நியாயமா?
— ஓர் ஆசிரியர், உப்புவெளி

பதில்: புள்ளி குறைத்தது சரி, சொன்ன காரணம் பிழை. செவ்வாயின் வளிமண்டல அமுக்கம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் அடித்தாலும் அங்கே அது மெல்லிய காற்றுதான்.

குவிமாடத்தை உடைக்கப்போவது உள்ளே நாம் நிரப்பும் காற்று. திருகோணமலைக் கடற்கரையில் உள்ள அமுக்கத்தையே உள்ளேயும் வைத்தால் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறத்தாழ 10 தொன் விசை வெளியே தள்ளும். 100 மீற்றர் விட்டம் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள், கூரையைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும் விசை சுமார் 80,000 தொன் வரும். இங்கே கூரை கீழே விழாமல் பார்க்கிறோம், அங்கே அது மேலே கிளம்பாமல் கட்டிப்போட வேண்டும். வரைபடத்தில் அத்திவாரம் எங்கே என்று நடுவர் கேட்டிருக்க வேண்டும்!

மண்ணைப் போட்டு அமர்த்தலாமே என்றால், நல்ல யோசனைதான். ஆனால் அங்கே ஈர்ப்பு நம்முடையதில் 38 வீதம்தான், ஆகவே முழு அமுக்கத்துக்கு ஈடுகொடுக்க 18 மீற்றர் உயரத்துக்கு மண் வேண்டும். 1973இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் செய்ததுபோல ஒட்சிசனைக் கூட்டி அமுக்கத்தை மூன்றில் ஒரு பங்காக்கினால் 6 மீற்றர் போதும். அந்த மண் கதிர்வீச்சையும் தடுக்கும். செவ்வாயின் தரையில் கியூரியோசிற்றி ஆய்வு ஊர்தி அளந்த கதிர்வீச்சு, பூமியில் இயற்கையாக நாம் பெறுவதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. வெறும் கண்ணாடி அதற்குப் போதாது.

அப்புறம் அளவு. விட்டம் இரட்டித்தால் சுவரின் தடிப்பும் இரட்டிக்க வேண்டும், ஆகவே பெரிதாக ஒன்றைக் கட்டுவதால் பொருள் மிச்சமாகாது. ஓட்டை விழுந்தால் எல்லோருக்கும் ஒரே முடிவு என்பதுதான் மிச்சம். திருகோணமலைச் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் எண்ணெயை ஒரே தாங்கியில் வைக்கவில்லை, நூறளவு தாங்கிகளைக் காட்டுக்குள் தள்ளித் தள்ளி வைத்தான். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் மோதி ஒன்று எரிந்தது, மற்றவை நின்றன. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

காற்றையும் மறக்க வேண்டாம். அரிசோனாவில் பயோஸ்பியர் 2 என்ற மூடிய கட்டடத்தில் 1991 முதல் 1993 வரை எட்டுப் பேர் இருந்தார்கள், ஒட்சிசன் 21 வீதத்திலிருந்து 15 வீதத்துக்கும் கீழே இறங்கி வெளியிலிருந்து கொடுக்கவேண்டி வந்தது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஒட்சிசனைத் தின்றன, அவை விட்ட காபனீரொட்சைட்டைக் கட்டடத்தின் கொங்கிரீட் உறிஞ்சிக்கொண்டதால் ஒட்சிசன் எங்கே போகிறது என்றே முதலில் விளங்கவில்லை. கட்டிய பொருளே மூச்சில் கைவைக்கும் என்று எத்தனை வடிவமைப்பாளர் யோசிப்பார்கள்?

புள்ளிக்காக நடுவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதைத்த சிறு கூடுகளாக, நடுவில் அமுக்கம் தாங்கும் கதவுகளோடு மறுபடி வரையச் சொல்லுங்கள். ஒரு கூட்டில் ஓட்டை விழுந்தால் அங்குள்ளவர்கள் எந்தக் கதவுக்கு, எத்தனை விநாடியில் ஓடுவார்கள் என்பதும் அதில் இருக்கட்டும். அனுப்பிவையுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.