வாசகர் கேள்விகள்: மருந்துக்கடைக்கு எவ்வளவு ஸ்பானிஷ் வேண்டும்?

மாட்ரிட்டில் மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கும் தமிழ்ப்பெண் பதில் சொல்கிறார்.

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக மாட்ரிட் வருகிறேன். மூன்று மாதம் இருப்பேன். எனக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மருமகன் ஆபீஸ் போய்விட்டால் மருந்துக்கடைக்கு நான்தான் போயாக வேண்டும். உறுப்புகள், நோய்கள் என்று நூற்றுக்கணக்கான ஸ்பானிஷ் வார்த்தைகளை உருப்போட்டுப் பார்க்கிறேன், மண்டையில் ஏறவில்லை. 64 வயதில் இது ஆகிற காரியமா?

பதில்: ஆகிற காரியம்தான் அம்மா. ஆனால் அந்தப் பட்டியலை முதலில் மூடி வையுங்கள். மண்ணீரலுக்கு ஸ்பானிஷில் என்ன பெயர் என்று எங்கள் கவுன்ட்டரில் யாரும் கேட்கப்போவதில்லை. எங்கே வலி என்பதை விரலால் தொட்டுக் காட்டிவிடலாம். விரலால் முடியாதது இரண்டுதான்: நாங்கள் கேட்கிற கேள்வியும், நாங்கள் சொல்கிற அளவும். ஆகவே வாயைவிடக் காதைப் பழக்குங்கள்.

கேள்விகள் ஐந்தாறைத் தாண்டாது. ‘எஸ் பாரா உஸ்தேத்?’ என்றால் மருந்து உங்களுக்கா என்று அர்த்தம். ‘தெஸ்தே க்வாந்தோ?’ எப்போதிலிருந்து? ‘தியேனே ரெத்தேத்தா?’ டாக்டர் சீட்டு இருக்கிறதா? ‘எஸ் அலேர்ஹிகா அ ஆல்கூன் மெதிகாமெந்தோ?’ ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? கடைசியாக, ‘தோமா ஓத்ரா மெதிகாத்தியோன்?’ வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா? இந்தக் கடைசிக் கேள்வி வந்தால் தலையாட்டிவிட்டு நிற்காதீர்கள். ‘சோய் தியாபேதிகா, தெங்கோ லா தென்ஸியோன் ஆல்தா’ என்று சொல்லுங்கள். எனக்குச் சர்க்கரை, பிரஷரும் அதிகம் என்று பொருள். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். மூக்கடைப்பு மாத்திரைகள் சில பிரஷரை ஏற்றும், இருமல் சிரப்புகள் பலவற்றில் சர்க்கரை இருக்கும். சொன்னால் ‘சின் அத்தூகார்’, அதாவது சர்க்கரை இல்லாத பாட்டிலைத் தேடி எடுத்துத் தருவோம்.

பேசுவதற்கு ஒரே ஒரு வாக்கிய அச்சு போதும்: ‘மே துவேலே’. இதை ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள்தான் திண்டாடுகிறார்கள். தமிழில் ‘எனக்குத் தலை வலிக்குது’ என்கிறோம் இல்லையா, ஸ்பானிஷிலும் அதே கட்டுமானம்தான். மே என்றால் எனக்கு, துவேலே என்றால் வலிக்கிறது. ‘மே துவேலே லா கபேத்தா’ தலைவலி, ‘மே துவேலே எல் எஸ்தோமகோ’ வயிற்றுவலி. ‘என் தலை’ என்று சொல்லத் தேவையே இல்லை, நாமும் சொல்வதில்லையே! முழங்கால் இரண்டும் வலித்தால் ‘மே துவேலென்’ என்று கடைசியில் ஒரு ன் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான்.

இனி அளவு. ‘காதா ஓச்சோ ஓராஸ்’ எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். ‘என் அயூனாஸ்’ வெறும் வயிற்றில். ‘மேதியா பாஸ்தியா’ பாதி மாத்திரை. பெட்டியைக் கையில் கொடுக்கும்போது அதன் மேலேயே பேனாவால் அளவை எழுதித் தருகிற பழக்கம் இங்கே உண்டு. எழுதாவிட்டால் ‘மே லோ எஸ்க்ரீபே, போர் ஃபவோர்’ என்று கேட்டு வாங்குங்கள். 1-0-1 என்றிருந்தால் காலை, மதியம், இரவு என்ற அதே கணக்குத்தான். ஆனால் ஸ்பெயினில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 2,5 மில்லி என்றால் இரண்டரை. அவசரத்தில் 25 என்று படித்துவிட்டால் பத்து மடங்கு. பேத்திக்கோ பேரனுக்கோ சொட்டு மருந்து ஊற்றும் நாளில் இதை மறக்க வேண்டாம்.

மதியம் என்றேன் அல்லவா, அதிலும் ஒரு சிக்கல். இங்கே ‘கொமீதா’ என்பது மதியச் சாப்பாடு, அதுவும் இரண்டு, மூன்று மணிக்கு. இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல். மகள் வீட்டில் எப்போது இலை விழுகிறதோ, அதற்கேற்ப உங்கள் சர்க்கரை மாத்திரை நேரத்தைக் கிளம்பும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

பிரஷர் பார்த்துவிட்டு ‘கதோர்த்தே ஓச்சோ’, பதினான்கு எட்டு என்று சொன்னால் பதறாதீர்கள். 140க்கு 80 என்பதைத்தான் இவர்கள் அப்படிச் சுருக்குகிறார்கள். எண்களில் ‘செஸெந்தா’ 60, ‘செதெந்தா’ 70. இந்த இரண்டில் மட்டும் திரும்பக் கேளுங்கள்.

மாத்திரையின் பிராண்ட் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப்பெயர் பெரும்பாலும் மாறாது. மெட்ஃபார்மின் இங்கே மெத்ஃபோர்மீனா, அம்லோடிபின் இங்கே அம்லோதிபீனோ. மூலப்பெயரும் மில்லிகிராமும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத மருந்தைக் கையோடு கொண்டுவருவதுதான் உத்தமம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எழுதிய சீட்டை நம்பி வராதீர்கள். பாரசிட்டமால்கூட 1 கிராம் மாத்திரை வேண்டுமென்றால் இங்கே சீட்டு கேட்போம். 500, 650 மில்லிகிராம் என்றால் சீட்டில்லாமல் தரலாம். அதையும் சூப்பர்மார்க்கெட்டில் தேடாதீர்கள், மருந்து மருந்துக்கடையில்தான். பச்சைச் சிலுவை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ராத்திரியில் பூட்டியிருந்தால் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் ‘தே குவார்தியா’ கடை, அதாவது அன்றைக்கு இரவு முறை பார்க்கும் கடை எது என்று இருக்கும். அங்கே கதவு திறக்கவில்லையே என்று திரும்பிவிடாதீர்கள். மணியடித்தால் சின்ன ஜன்னல் வழியாகக் கொடுப்பார்கள்.

கேள்வி: சளி பிடித்து மருந்துக்கடைக்குப் போனேன். ‘எஸ்தா கோன்ஸ்திபாதோ?’ என்றார். மலச்சிக்கலைக் கேட்கிறாரோ என்று பதறி இல்லை இல்லை என்றேன். நான் செய்தது சரியா? (சலமான்காவில் படிக்கும் மாணவர்)

பதில்: சளியா என்றுதான் கேட்டார் தம்பி. நீங்கள் நினைத்ததற்கு ‘எஸ்த்ரெஞீதோ’ என்பார்கள். நாளைக்கே போய் ஆமாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கேள்வி: கம்பெனி என்னை மெக்சிகோவுக்கு அனுப்புகிறது. ஸ்பெயின் ஸ்பானிஷ் அங்கே எடுபடுமா?

பதில்: தாராளமாக. உச்சரிப்பு உங்களுக்கு இன்னும் எளிது: நாங்கள் ‘கபேத்தா’ என்பதை அங்கே ‘கபேஸா’ என்பார்கள். சில பெயர்கள் மாறும். பிளாஸ்திரி எங்களுக்குத் திரீதா, அவர்களுக்குக் கூரீதா. ஃப்ளூ இங்கே க்ரீப்பே, அங்கே க்ரீப்பா. பிரஷர் அங்கே ‘ப்ரெஸியோன்’. இங்கே சளி ‘பிடித்ததற்கு’ கொஹேர் என்ற வினையைச் சாதாரணமாகப் போடுவோம். அங்கே அது கெட்ட வார்த்தை, வாயிலேயே எடுக்காதீர்கள். தசமத்துக்கு மெக்சிகோவில் புள்ளிதான், அந்தக் கவலை இல்லை. 2010 ஆகஸ்டிலிருந்து ஆன்டிபயாட்டிக்குச் சீட்டு கட்டாயம். ஆனால் பல மருந்துக்கடைகளை ஒட்டியே சின்ன ‘கோன்ஸுல்தோரியோ’ இருக்கும், டாக்டரைப் பார்த்துவிட்டு வரலாம். அவசரத்துக்கு அங்கே 911, இங்கே 112.

கேள்வி: எங்கள் பத்து வயதுப் பையன் பள்ளியில் ஸ்பானிஷ் பொளந்து கட்டுகிறான். ஆஸ்பத்திரிக்கு அவனையே அழைத்துப் போகலாமா?

பதில்: இருமல் சிரப் வாங்க அழைத்துப் போங்கள். ஆஸ்பத்திரிக்கு வேண்டாம். 1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையனை மயக்க நிலையில் தூக்கிவந்தார்கள். சாப்பிட்டது ஏதோ விஷமாகிவிட்டது என்ற நினைப்பில் வீட்டார் ஸ்பானிஷில் ‘இந்தோக்ஸிகாதோ’ என்றார்கள். அங்கே இருந்தவர்கள் அதை ஆங்கில ‘இன்டாக்சிகேட்டட்’ போலப் போதை என்று எடுத்துக்கொண்டு போதைமருந்துக்கு வைத்தியம் பார்த்தார்கள். மூளையில் ரத்தக்கசிவு என்று தெரியவரும்போது காலம் கடந்துவிட்டது. கை கால் நான்கும் செயலிழந்தன. நஷ்டஈட்டு ஒப்பந்தம் 7.1 கோடி டாலர் வரை போனது. பெரியவர்களே நடுவில் நின்று இப்படி ஆனது. பையன் மேல் அந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள். தவிர, அம்மாவின் வயிற்றுக் கட்டியைப் பற்றி டாக்டர் சொல்வதை முதலில் கேட்கிற ஆளாக ஒரு குழந்தை இருக்கக் கூடாது. வரவேற்பு மேசையில் ‘நெத்தெஸீதோ உன் இந்தேர்ப்ரெதே’ என்று கேளுங்கள். போன் வழியாக மொழிபெயர்ப்பாளரைச் சேர்த்துவிடும் வசதி உள்ள ஆஸ்பத்திரிகள் இங்கே உண்டு. தமிழ் கிடைக்காவிட்டாலும் ஆங்கிலம் கிடைக்கும்.