சோயைப் பார்த்து வீடு எடுங்கள்

கேள்வி: என் கணவருக்கு மூன்று வருடத்துக்கு பாங்காக்குக்கு மாற்றல் வந்திருக்கிறது. யூடியூபில் பார்த்தால் அங்கே குடியேறிய வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் 'இந்த ஊரை விட்டுப் போக மனசே வரவில்லை' என்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அங்கே? நான் சுத்த சைவம். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், பையன் ஆறாம் வகுப்பு. மாமியாரோ 'அந்த மசாஜ் ஊருக்கா?' என்று முகம் சுளிக்கிறார். வேலையை விட்டுவிட்டுக் கிளம்பலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: மாமியாரிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் நினைக்கும் பாங்காக் இருக்கத்தான் செய்கிறது, சில தெருக்களில், ராத்திரியில். குடும்பத்தோடு குடியிருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் போகவே வேலை வராது. யூடியூப் காட்டும் மொட்டைமாடி நீச்சல் குளமும் மாம்பழச் சோறும் முதல் ஆறு மாதத்துக்குத்தான். நான் அங்கே ஐந்து வருடம் இருந்தேன். பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சுற்றிச் சுற்றி அவர்கள் குடியிருக்கும் சோயில்தான் வந்து நிற்பார்கள்.

சோய் என்றால் பெரிய சாலையிலிருந்து பிரியும் கிளைத்தெரு. சுக்கும்வித் சாலையில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். ஆனால் எண்கள் நேருக்கு நேர் வரும் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். எக்கமாய் எனப்படும் 63ஆம் சோய்க்கு எதிர்ப்பக்கம் 42ஆம் சோய் இருக்கும். சோய் முனையில் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசத் தேவையில்லை. இரண்டு மாதம் கழித்து நீங்கள் வாயைத் திறக்காமலே வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்குவார்கள்.

எங்கள் சோயில் காலை ஆறரைக்கு ஒரு அம்மா தள்ளுவண்டியோடு வந்துவிடுவார். வண்டியில் குழிகள் வைத்த கனத்த வார்ப்புக்கல். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நம் பணியாரக்கல்லேதான். அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, மேலே கெட்டியான தேங்காய்ப்பால் விட்டு, சிலதில் வெங்காயத்தாள், சிலதில் சோளம் தூவி மூடிவிடுவார். ஓரம் மொறுமொறுவென்று சிவந்ததும் கரண்டியால் நெம்பி, இரண்டு அரைகளை முகத்தோடு முகம் ஒட்டி வாழையிலைத் தொன்னையில் போடுவார். பெயர் கனோம் க்ரோக். நடுவில் தேங்காய்ப்பால் இன்னும் இறுகாமல் தளதளவென்று இருக்கும். முதல் நாள் அவசரப்பட்டு வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே உஃப் உஃப் என்று ஊதிக் காட்டுவார். எனக்குத் தாய்லாந்து மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு வருடம் அந்த ஊதலிலேயே ஓடிவிட்டது.

அப்புறம் ராத்திரி. பத்து மணிக்குத் தனியாக இறங்கி, முனைக்கடையில் பால் வாங்கிக்கொண்டு திரும்ப நான் இரண்டு முறை யோசித்ததில்லை. தெருவில் ஆள் இருக்கும், விளக்கு இருக்கும், யாராவது கடை போட்டிருப்பார்கள். பெரிய ஊருக்கு உரிய ஜாக்கிரதை அங்கேயும் வேண்டும்தான். ஆனாலும் அங்கே குடியேறிய பெண்கள் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் இதை முதல் இரண்டு காரணங்களுக்குள் சொல்லிவிடுவார்கள். நடைபாதையை மட்டும் நம்பாதீர்கள். மழை பெய்த மறுநாள் ஆடும் கல்லில் கால் வைத்தால் முழங்கால் வரை சேறு தெறிக்கும்.

ஊரைச் சுற்ற 1999 டிசம்பரில் ஓடத் தொடங்கிய மேல்ரயில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது சென் செப் கால்வாய்ப் படகு. தண்ணீர் தெறிக்காமல் இருக்கப் பயணிகளே கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்திக்கொள்வார்கள். நடத்துநர் ஹெல்மெட்டோடு படகின் வெளி விளிம்பில் நடந்துகொண்டே காசு வாங்குவார். மேலே கார்கள் அசையாமல் நிற்க, கீழே நீங்கள் பறந்துகொண்டிருப்பீர்கள். பையனை மாலையில் லும்பினி பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். புத்தர் பிறந்த லும்பினியின் பெயர்தான். அங்கே குளக்கரையில் ஆள் நீள உடும்புகள் யாரையும் லட்சியம் பண்ணாமல் நடக்கும். ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நில்லுங்கள்.

சாப்பாடு. சைவத்துக்குத் தாய்லாந்து மொழியில் மங்சவிரத் என்பார்கள். மாம்சமும் விரதியும்தான், காதைத் தீட்டினால் கேட்கும். இதில் முட்டை வரலாம். அதைவிடக் கறாரானது 'ஜே'. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயம்கூட அதில் கிடையாது. சீன வழிப் பழக்கம் அது. சந்திர கணக்கில் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரில், ஒன்பது நாள் ஊரே மஞ்சள் கொடியாகிவிடும். மற்ற நாட்களில் வெறும் காய்கறிப் பொரியல் என்று கேட்டால் போதாது, அதிலும் நாம் ப்லா என்கிற மீன் சாறு விழும். 'மாய் சாய் நாம் ப்லா' என்று சொல்லப் பழகுங்கள், போடாதே என்று அர்த்தம். பருப்பு, புளி, பெருங்காயத்துக்கெல்லாம் பாஹுராத் என்ற பகுதியில் இந்தியக் கடைகள் உண்டு.

ஒன்றை மறைக்கக் கூடாது. நீங்கள் யூடியூபில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், அதாவது ஃபராங். நம்மை அங்கே கேக் என்பார்கள். பேக்கரி கேக் இல்லை, விருந்தாளி என்று பொருள். சொல்பவரின் குரலைப் பொறுத்து அது மரியாதையாகவும் இருக்கும், ஏளனமாகவும் இருக்கும். இந்தியர் என்றதும் 'சமையல் வாசனை' என்று வீடு தர மறுத்தவர்கள் எனக்கு இரண்டு பேர். அதே ஊரில்தான் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோயிலை 'வாட் கேக்' என்று அழைத்து, விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலத்துக்குச் சாலையையே அடைத்துவிட்டு, ஆயிரக்கணக்கான தாய்லாந்துக்காரர்கள் சாமந்தி மாலையோடு காத்து நிற்கிறார்கள். இரண்டும் உண்மை.

சரி, உங்கள் வேலை. கணவரின் வேலை விசாவை ஒட்டி உங்களுக்குக் கிடைக்கும் சார்பு விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது, தனியே பணி அனுமதி வேண்டும். அதனால் ராஜினாமா கடிதத்தை இப்போதே நீட்டாதீர்கள். நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். என்னோடு இருந்தவர்களில் ஊர் பிடிக்காமல் போனவர்கள் பெரும்பாலும் பகல் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் பதினெட்டாம் மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அங்கே போய் இறங்கிய வாரமே தாய்லாந்து மொழி வகுப்பில் சேருங்கள். ஆசிரியரை அங்கே க்ரூ என்பார்கள், நம் குருதான். 'மாய்' என்ற ஒரே ஒலி, ராகம் மாறினால் இல்லை, புதியது, மரம் என்றெல்லாம் மாறும், வகுப்பே கச்சேரி மாதிரி இருக்கும். பன்னாட்டுப் பள்ளிக் கட்டணம் கையைச் சுட்டுவிடும், அதை நிறுவனம் ஏற்குமா என்று கணவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்கட்டும். குளிர்காலத்தில் புகைமூட்டமும் ஏப்ரலில் கோவைக்காரர் தாங்காத புழுக்கமும் உண்டு. 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்கு முகவரி தெரிவிக்க வேண்டும், மறந்தால் அபராதம்.

என்னைக் கேட்டால், போகலாம். வீடு பார்க்கும்போது மட்டும் நீச்சல் குளத்தைக் காட்டி ஏஜென்ட் மயக்குவார், மயங்காதீர்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தச் சோயில் ஒருமுறை நடந்து பாருங்கள். தள்ளுவண்டிகள் இருக்கின்றனவா, வயதானவர்கள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்களா, ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாமா என்று பாருங்கள். சமையலறைக்குக் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஃப்ளாட்டுகளில் அடுப்பு கூடத்திலேயே இருக்கும், தாளித்தால் மெத்தை வரை மணக்கும். வழக்கமாக இரண்டு மாத வாடகை முன்பணம் கேட்பார்கள். குடிபோகும் அன்றே ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை, ஏற்கெனவே இருந்த கீறலுக்கு என் பணத்தில் கழித்துக்கொண்டார்கள். மின்சாரம் 220 வோல்ட், கிட்டத்தட்ட நம்மைப் போலத்தான், மிக்ஸி ஓடும். நம் மூன்று முள் பிளக்தான் சேராது, அடாப்டர் இரண்டு எடுத்துப் போங்கள்.