நீரேரிச் சேறும் காலக் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரிச் சேற்றைக் கரையில் குவித்திருக்கிறார்கள். அதைக்கொண்டு முற்கால மழை, வறட்சியை மாணவர்கள் அறிய முடியுமா? (ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: முடியாது. அடியில் பழையது, மேலே புதியது என்ற வரிசை குலைந்தால் அடையல் (நீரடியில் படிந்த சேறு) வெறும் மண்தான். குளத்தின் அடியில் எஞ்சிய சேற்றையும் நம்ப வேண்டாம். நம் குளங்கள் தலைமுறை தலைமுறையாகத் தூர்வாரப்பட்டவை. கோடையில் வற்றி வெடிக்கும்போது புதுமண் வெடிப்புக்குள் இறங்கும், அக்காலத் தாவரங்களைக் காட்டும் மகரந்தமணிகள் காற்றுப்பட்டு அழியும். தொண்டைமானாறு, உப்பாறு நீரேரிகளில் கோடையிலும் நீர் நிற்கும் பள்ளங்களைத் தேடுங்கள். அங்கும் ஒரு எச்சரிக்கை: கடந்த நூற்றாண்டில் தடுப்பணைகள் கட்டியபின் உவர் அளவு மனிதர் கையால் மாறியது. மேலடுக்கில் தயற்றங்களின் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகளின்) இனங்கள் மாறியிருந்தால் காரணம் மழையாக இல்லாமல் அணையாக இருக்கலாம்.

கேள்வி: விலையுயர்ந்த கருவி இல்லாமல் அடுக்கு குலையாத மாதிரி எடுப்பது எப்படி? (உயர்தர மாணவர், கரவெட்டி)

பதில்: ஆழம் குறைந்த நீரில் 63 மில்லிமீற்றர் பிவிசி குழாய், 1.5 மீற்றர் நீளம் போதும். கீழ்விளிம்பை வெளிப்புறமாகச் சீவுங்கள். சுத்தியலால் அடிக்காமல், நேராகவும் சீராகவும் அழுத்துங்கள். இறங்கியபின் குழாயின் மேல்விளிம்பிலிருந்து உள்ளே இருக்கும் சேற்றுக்கும் வெளியே இருக்கும் சேற்றுக்கும் ஆழம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உள்மட்டம் தாழ்ந்திருந்தால் அந்த வித்தியாசமே அமுங்கிய அளவு. அதைக் குறிக்காவிட்டால் பின்வரும் ஆழங்கள் எல்லாம் பிழைக்கும். குழாயை நீரால் நிரப்பி இறப்பர் அடைப்பால் இறுக மூடி இழுங்கள். காற்று இருந்தால் சேறு நழுவும். கீழ்வாய் நீரைவிட்டு வெளியே வருமுன் அதையும் மூட வேண்டும். நிமிர்த்தியபடியே கொண்டுபோங்கள். குளிரூட்டியில் 4 பாகை செல்சியசில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

குழாயை இரு பக்கமும் அறுத்து, நைலோன் நூலால் சேற்றைப் பிளந்து, உடனே படமெடுங்கள். கறுப்பு நிறம் காற்றில் விரைவில் மங்கிவிடும். மேற்பரப்பைக் குறுக்காக மட்டும் சுரண்டுங்கள். நீளவாக்கில் சுரண்டினால் ஓர் அடுக்கு மற்றதில் பூசப்படும். பிறகு 1 சென்ரிமீற்றருக்கு ஒரு துண்டு.

சேற்றில் உள்ள சேதனப் பொருளையும் காபனேற்றையும் அறிய, துண்டுகளைப் புடக்குகையில் (சூடு தாங்கும் சிறு கிண்ணத்தில்) இட்டு 105 பாகையில் ஓரிரவு உலர்த்தி, 550 பாகையில் 4 மணித்தியாலம், 950 பாகையில் 2 மணித்தியாலம் சுட்டு, ஒவ்வொரு முறையும் நிறுங்கள். முதல் இழப்பு நீர். இரண்டாவது இழப்பு சேதனப் பொருள் (களி மிகுந்தால் அதன் நீரும் சேரும்). மூன்றாவது, காபனேற்றிலிருந்து வெளியேறும் காபனீரொட்சைட்டு, அதை 2.27ஆல் பெருக்கினால் கல்சியம் காபனேற்று. நீரேரிச் சேற்றை முதலில் காய்ச்சிவடித்த நீரால் கழுவுங்கள். கறியுப்பு 801 பாகையில் உருகி, 950இல் ஆவியாகிக் கணக்கைக் கூட்டிவிடும்.

கேள்வி: ஒரே ஆழத்து நத்தை ஓட்டுக்கும் விதைக்கும் காபன்-14 வயது பல நூறு ஆண்டு வேறுபடலாம் என்கிறார்களே, எதை ஏற்பது? (பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி)

பதில்: நிலத்தாவர விதையை. யாழ்ப்பாணத்தில் இந்த ஆய்வைக் கெடுக்கக்கூடிய முதல் காரணம் இந்த வயது வேறுபாடுதான். நம் காலடியில் இருப்பது மயோசீன் சுண்ணக்கல். நிலத்தாவரம் காற்றிலிருந்து பெறும் கதிரியக்கக் காபனான காபன்-14, அது இறந்தபின் சிதைந்து குறையும். அந்தக் குறைவே வயதைக் காட்டும். அதன் அரை ஆயுட்காலம் (பாதியாகக் குறையும் காலம்) 5,730 ஆண்டு. ஏறத்தாழ 50,000 ஆண்டைக் கடந்தால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. இந்தக் கல்லுக்கோ வயது அரைக் கோடி ஆண்டுக்கும் மேல். மழைநீர் அதைக் கரைக்கும்போது காபன்-14 அற்ற பழைய காபன் நீரில் சேர்கிறது. நத்தை ஓடு கட்டுவதும், பாசி உணவு தயாரிப்பதும் அந்த நீரிலிருந்துதான். நூற்றுக்குப் பத்துப் பங்கு பழைய காபன் சேர்ந்தால் வயது ஏறத்தாழ 850 ஆண்டு கூடும். ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து வறட்சியை அனுராதபுர காலத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவோம்.

சேற்றை ஐதரோக்குளோரிக் அமிலத்தால் கழுவினால் ஓடும் கல்துகளும் கரையும். பாசியின் உடலில் ஏறிய பழைய காபன் போகாது. ஒரு நிலையான எண்ணைக் கழிப்பதும் தவறு. மழையும் கடல்நீர் வரவும் மாற, அந்த வித்தியாசமும் மாறும்.

எனவே 125 மைக்குறோன் அரிதட்டில் சேற்றை அரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் நிலத்தாவர விதை, இலைத்துண்டு பொறுக்குங்கள். ஆர்முடுக்கி முறைக்கு (காபன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முறை) 1 மில்லிகிராம் காபன் போதும். கண்டல் வேர் வேண்டாம், மேலிருந்து ஆழத்துக்கு இறங்கி வயதைக் குறைத்துக் காட்டும். பனங்கரியும் இரண்டாம் தெரிவுதான். மரத்தின் ஆயுள் அந்த வயதில் சேரும். கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு காபன்-14ஐ விட விரைவாகச் சிதையும் ஈயம்-210 பொருத்தம். அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137இன் 1963 உச்சத்தைத் துணைக்கு வைக்கலாம், ஆனால் உவர்நீரில் சீசியம் களியிலிருந்து கழன்று நகரக்கூடும்.

கேள்வி: சேற்றின் நடுவே மணலடுக்கு கண்டால் அது ஆழிப்பேரலையா? (வாசகர், மருதங்கேணி)

பதில்: உடனே முடிவு செய்யாதீர்கள். 1964 டிசம்பர்ச் சூறாவளி போன்ற புயலின் கடற்பெருக்கும் மணலை உள்ளே கொண்டுவரும். கரையிலிருந்து உள்நோக்கி ஒரே வரியில் குறைந்தது நான்கைந்து குழாய்கள் எடுத்து, அடுக்கு எவ்வளவு தூரம் செல்கிறது, எப்படி மெலிகிறது என்று பாருங்கள். வடமராட்சி கிழக்கில் 2004 ஆழிப்பேரலை விட்டுச்சென்ற மணல் இன்னும் குலையாமல் கிடக்கும் இடம் கிடைத்தால் முதலில் அதை அளந்து, ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.