கடைசி நாள் காலை டைவ், மாலையில் விமானம்: இது சரியா?

கேள்வி: நானும் என் மனைவியும் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் (காற்று உருளையோடு கடலில் மூழ்குவது) முதல்நிலையான ஓபன் வாட்டர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். அடுத்த மாதம் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் நான்கு இரவுகள் தங்கப் போகிறோம். ஐந்தாம் நாள் காலை 7 மணிக்கு டைவ், 11 மணிக்குக் கடல் விமானத்தில் மாலே, மாலையில் ஊருக்கு விமானம் என்று சுற்றுலா முகவர் அட்டவணை போட்டிருக்கிறார். டைவ் முடித்த கையோடு பறக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்கள். முகவரோ, கடல் விமானம் தாழ்வாகத்தான் பறக்கும், ஒன்றும் ஆகாது என்கிறார். யார் சொல்வது சரி? (மதுரை வாசகர் ஒருவர்)

பதில்: பயிற்சியில் சொன்னதுதான் சரி. ஐந்தாம் நாள் டைவை இன்றே அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள்.

காரணம் எளிது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். 10 மீட்டர் ஆழத்தில் உடல்மேல் அழுத்தம் இரு மடங்காகிறது. மாலத்தீவு விதிகள் பொழுதுபோக்கு டைவர்களுக்கு வகுத்திருக்கும் எல்லையான 30 மீட்டரில் நான்கு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகும் பல மணி நேரம் சிறிது சிறிதாகத்தான் வெளியேறும். மூடியிருக்கும் கோலி சோடாவில் குமிழி தெரிவதில்லை. கோலியை உள்ளே தள்ளியதும் பொங்குகிறது அல்லவா? பெரிய விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருக்கும் அழுத்தம்தான். நைட்ரஜன் வெளியேறுமுன் அதில் ஏறினால், அது உடலுக்குள் குமிழியாகப் பொங்கும். கோலியைத் தள்ளுவது நீங்களேதான். (புதுச்சேரியில் காலையில் டைவ் முடித்து இரவே கொடைக்கானலுக்குக் காரேறுகிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் அவர்கள் யாரும் என்னிடம் கேட்பதில்லை.)

எவ்வளவு நேரம் இடைவெளி வேண்டும்? டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002இல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த கணக்கே இன்றும் வழிகாட்டி: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது பல நாள் டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம். நீங்கள் இரண்டாவது வகை. நான் என் மாணவர்களுக்கு 24 மணி நேரம் என்றே சொல்லிவருகிறேன், ஏனெனில் விடுமுறையில் இருப்பவர்கள் 18 என்றால் 16 என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

இனிக் கடல் விமானம். அந்தக் கணக்கு சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குத்தான் என்பது உண்மை. முகவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். ஆனால் அது அழுத்தம் சீராக்கப்படாத சிறு விமானம். மேகத்தைக் கண்டால் விமானி ஏறத்தான் செய்வார், எத்தனை அடியில் பறப்பார் என்று யாரும் உங்களுக்கு எழுதித் தர மாட்டார்கள். ஆகவே, கடிகாரத்தைக் கடல் விமானம் கிளம்பும் நேரத்திலிருந்தே பின்னோக்கி எண்ணுங்கள். அப்படி எண்ணும்போதுதான் முகவரின் 11 மணி வெறும் கற்பனை என்பது தெரியும்: கடல் விமானம் கிளம்பும் நேரம் பெரும்பாலும் முந்தைய நாள் மாலைதான் ரிசார்ட்டுக்கே உறுதியாகிறது, அது விடிந்ததும் கிளம்பும் விமானமாகவும் இருக்கலாம். எனவே நான்காம் நாள் காலை ஒரே ஒரு டைவ், நண்பகலுக்குள் நீரைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். விடியற்காலை விமானம் என்றாலும் அந்த 18 மணி நேரமாவது கிடைத்துவிடும். அன்று இரவு டைவ் கூடாது. ஒரே விதிவிலக்கு, விரைவுப் படகிலேயே போகக்கூடிய தீவு. மாலேக்கு அருகிலுள்ள பவளத்தீவுக் கூட்டங்களில் அத்தகைய ரிசார்ட்டுகள் பல உண்டு. படகு மேலே ஏறாது. அதனால் பெரிய விமானத்தின் நேரத்திலிருந்து எண்ணலாம், உங்களுக்குச் சில மணி நேரம் மிச்சம். ஆனால் தெற்குத் தீவுகளுக்கு உள்நாட்டு விமானத்தில் போய்விட்டு இந்தச் சலுகையைக் கேட்காதீர்கள், அதுவும் விமானம்தான்.

நான் பயிற்றுநராக வேலை பார்த்த ஒரு ரிசார்ட்டில், காலை டைவ் முடித்துக் கிளம்பிய விருந்தினர் ஒருவர், மாலே விமான நிலையத்தில் இடது முழங்கையைப் பிடித்துவிட்டுக்கொண்டே வரிசையில் நின்றிருக்கிறார். பெட்டி தூக்கிய வலி என்று நினைத்துக்கொண்டார். உண்மையில் அது நைட்ரஜன் குமிழியின் வேலை. மூட்டு வலி, மரத்துப்போதல், காரணமில்லாத அசதி, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு ஆகியவை டைவ் முடித்த 24 மணி நேரத்துக்குள் வந்தால் விமானம் ஏறாதீர்கள். டைவ் மையத்தை அழைத்து ஆக்சிஜன் கேளுங்கள். சிகிச்சை, காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் தரும் அழுத்த அறையில்தான். மாலேக்கு அருகில் பண்டோஸ் தீவில் ஒன்று இருக்கிறது. இரவில் கடல் விமானம் பறக்காது என்பதால், தொலைதூரத் தீவிலிருந்து அங்கே போய்ச் சேர்வதே பெரும்பாடு.

முகவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு இரவுக்கு 'எட்டு டைவ் பேக்கேஜ்' விற்பவரிடம் வாங்கிவிடாதீர்கள். மாலையில் மாலே இறங்கினால் அன்றைய கடைசிக் கடல் விமானம் போயிருக்கும். முதல் இரவு மாலேயிலேயே கழியும். தீவுக்குப் போனதும் முதலில் ரிசார்ட்டை ஒட்டிய பவளப்பாறையில், உங்கள் திறமையைப் பார்க்கச் சோதனை டைவ் ஒன்று வைப்பார்கள். கூட்டிக் கழித்தால் உண்மையான டைவ் நாட்கள் இரண்டு. மீதிக்குக் கொடுத்த பணம் திரும்பி வராது. டைவ் கட்டணத்தை டைவ் மையத்திலேயே, ஒவ்வொன்றாகச் செலுத்துங்கள். டைவுக்கு முன் நிரப்பும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடச் சொன்னால், அந்த முகவரையே மாற்றுங்கள். டிக்கெட் வாங்கும்போது சாமான் எத்தனை கிலோ என்று கேட்கிறார்கள். கடைசியாக எப்போது கடலில் மூழ்கினீர்கள் என்று எந்த நிறுவனமும் கேட்பதில்லை. சாதாரணப் பயணக் காப்பீட்டிலோ ஸ்கூபா பெரும்பாலும் விலக்குப் பட்டியலின் ஏதோ ஒரு மூலையில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் எழுத்தில் கிடக்கும். டைவர்களுக்கான தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் நாள் காலை சும்மா இருக்க வேண்டியதில்லை. முகமூடியும் ஸ்நார்க்கல் குழாயும் போட்டுக்கொண்டு நீர்ப்பரப்பில் மிதந்தபடி பவளப்பாறையைப் பார்க்கலாம். அதற்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. கைக்கடிகாரம் போல நீங்கள் கட்டியிருந்த டைவ் கம்ப்யூட்டரையும் ஒருமுறை பாருங்கள். அதன் திரையில் சிறிய விமானப் படம் (இன்னும் பறக்கக் கூடாது என்பதன் அடையாளம்) இன்னும் தெரிந்தால், பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு வரவேற்பறையில் விமானத்தை மாற்றச் சொல்லுங்கள்.